கினிப்பன்றித் தீன்: விலைக்கு முன் திகதி

கேள்வி: வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள் வளர்க்கிறோம். இறக்குமதிப் பெலற் கட்டுபடியாகவில்லை. மலிவான தீனில் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, மானிப்பாய்

பதில்: பையின் பின்புறத்தில் மூன்று விபரங்கள் இருக்க வேண்டும்: விற்றமின் சி சேர்க்கப்பட்ட அளவு, 16 சதவீதத்துக்குக் குறையாத நார்ச்சத்து, தெளிவான உற்பத்தித் திகதி. வளர்ந்த கினிப்பன்றிக்குப் புரதம் 14 முதல் 16 சதவீதம் போதும். குட்டிக்கும் சினைப்பட்டதற்கும் 18 முதல் 20 சதவீதம் தேவை. அல்பல்பாத் தீனில் கல்சியம் அதிகம். அது குட்டிகளுக்கு உகந்தது. வளர்ந்தவற்றுக்குச் சிறுநீர்க்கல் உண்டாக வழிவிடும். விதையும் உலர்பழமும் நிறமணிகளும் கலந்த பை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கினிப்பன்றி இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும்.

செலவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. வளர்ந்த ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் பெலற்தான் அளவு. இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. வயிற்றை நிரப்ப வேண்டியது புல். பெலற் அதற்குத் துணை. புதிய தீனுக்கு மாறும்போது பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

கேள்வி: முயல் பெலற் விலை குறைவு. அதையே போடலாமா?
– வாசகர், ஆனைக்கோட்டை

பதில்: கூடாது. முயலின் உடல் விற்றமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே அதன் தீனில் அதைச் சேர்ப்பதில்லை. கினிப்பன்றியின் உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை.

கேள்வி: கோழித்தீன், தவிடு, புண்ணாக்கு?
– வாசகர், நவாலி

பதில்: மூன்றும் வேண்டாம். கோழித்தீனில் மீன்தூளும் மருந்தும் கலந்திருக்கலாம். மற்ற இரண்டிலும் பல்லைத் தேய்க்கும் நீண்ட நார் இல்லை. கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை.

கேள்வி: கடையில் பெரிய சாக்கைத் திறந்து வைத்து, கினிப்பன்றித் தீனைக் கிலோக்கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். பைத்தீனைவிட மலிவு. ஐந்து கிலோ வாங்கி வைக்கலாமா?
– வாசகர், சண்டிலிப்பாய்

பதில்: கூடாது. கினிப்பன்றித் தீனுக்குத் தனி விலை கொடுப்பதே அதிலுள்ள விற்றமின் சிக்காகத்தான். தீனில் முதலில் அழிவதும் அதுவே. காற்று, வெளிச்சம், வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் அதைக் கெடுக்கும். யாழ்ப்பாணத்து வெக்கையில் வாய் திறந்து கிடக்கும் சாக்கு இந்த நான்குக்கும் ஆளாகிறது. நன்றாக மூடி வைத்தாலும், சாதாரணத் தீனை உற்பத்தியான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நிலைப்படுத்திய விற்றமின் சேர்த்த வகை மட்டுமே அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். திறந்த சாக்கிலுள்ள தீனுக்கோ பிறந்த திகதியே தெரியாது. மழை மாதங்களில் பூஞ்சணமும் சேர்ந்துவிடும்.

தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு, விற்றமின் சி குறைவால் உண்டாகும் ஸ்கேவி நோய் வருவதை நோர்வேயில் அக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும் 1907இல் காட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த இந்த உண்மையைக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக மறப்பது கொடுமை. விற்றமின் சி கிடைக்காத கினிப்பன்றிக்கு இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், தூக்கினால் வலியில் கத்தும், மயிர் முரடாகும், முரசில் இரத்தம் கசியும். இவற்றை முதுமை என்றோ சோம்பல் என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு அளவான சிறிய பை, இறுக மூடும் பாத்திரம், வெயில் படாத இடம் ஆகியவையே உண்மையான சிக்கனம்.

கேள்வி: விற்றமின் சித் துளியைக் குடிதண்ணீரில் கலந்து வைக்கலாமா?
– வாசகி, சுதுமலை

பதில்: பயனில்லை. தண்ணீரில் அது விரைவில் வலுவிழக்கும். சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளாந்தத் தேவை 10 முதல் 30 மில்லிகிராம். பத்துக் கிராம் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் உண்டு. கறிமிளகாய்த் துண்டும் கொடுக்கலாம். முருங்கையிலையில் கல்சியம் மிகுதி. எப்போதாவது ஒரு சிறு நெட்டு போதும்.

கேள்வி: திமோதிப் புல் இங்கே கிடைப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கவலை வேண்டாம். அறுகும் கினிப்புல்லும் நல்ல உணவு. மாட்டுக்கு வளர்க்கும் சிஓ-3 புல்லையும் இளசாக வெட்டிக் கொடுக்கலாம். மருந்தடித்த வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் தெருவோரத்திலும் புல் பிடுங்கக் கூடாது. குவித்து வைத்துச் சூடேறிய புல் வயிற்றை ஊதச் செய்யும். மிஞ்சியதை நிழலில் பரப்பிக் காயவிட்டு மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கலாம். வைக்கோலில் சத்துக் குறைவு. படுக்கைக்கு மட்டும் போடலாம்.

கேள்வி: நேற்றிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாது. ஒரு நாள் தின்னாத கினிப்பன்றியின் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் போன்ற மனித மருந்தைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியைக் கொன்றுவிடும்.