செஞ்சியில் கேம்பர் வண்டித் தொழில்: எதை வாங்குவது, எதை மாற்றுவது?

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 இடம்பெற்றன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கிய கையோடு திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ கிளம்பிவிடும் பயணியை ஓர் இரவு இங்கே தங்கவைத்தால் ஊருக்கே வருமானம். படுக்கையும் அடுப்பும் பொருத்திய ஒரு வண்டி இருந்தால் இந்தத் தொழிலைத் தொடங்கிவிடலாம். வண்டி ஓட்டவோ, வெல்டிங்கோ, வயரிங்கோ தெரிந்த இளைஞருக்கு இது நல்ல பிழைப்பு. எடைக் கணக்கும் காகிதமும் சரியாக இருந்தால் சாதாரண வண்டியிலேயே சம்பாதிக்கலாம். அவை தப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் நஷ்டத்தில்தான் முடியும்.

முதலில் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கூரையை வெட்டி உயர்த்துவது, சேஸை நீட்டுவது, சீட்டுகளை நிரந்தரமாக எடுப்பது எல்லாமே எஃப்.சி.யில் மாட்டும் வேலைகள். கழற்றி மாட்டக்கூடிய கட்டில், பெட்டி, தண்ணீர் கேன் ஆகியவற்றோடு தொடங்குங்கள். முழு கேரவனாகவே கட்ட வேண்டுமென்றால், 'மோட்டார் கேரவன்' என்று தனி வகையும் அதற்கு ஏ.ஐ.எஸ். 124 தரநிலையும் இருக்கின்றன. அந்த வேலையை அங்கீகாரம் பெற்ற பாடி கட்டும் நிறுவனத்திடம் கொடுப்பதே முறை.

முன்பக்க இரும்புக் கம்பி வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மோதும்போது ஏர்பேக் சரியாக விரிவதையும் அது கெடுக்கும்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. வாடிக்கையாளரே ஓட்டும் வாடகைக் கார் நடத்த 1989ஆம் ஆண்டுத் திட்டம் குறைந்தது 50 வண்டிகள் கேட்கிறது. ஆகவே தனிமனிதருக்கு ஏற்றது, மஞ்சள் போர்டு எடுத்துத் தானே ஓட்டிச் செல்வதுதான். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

எந்த வண்டி?

மாருதி ஈக்கோ: இரண்டு பேருக்குப் போதும். செலவு குறைவு, தார் ரோட்டோடு நின்றுகொள்ள வேண்டும்.

மஹிந்திரா பொலிரோ கேம்பர்: இரட்டைக் கேபின், பின்னால் தொட்டி. 4x4 வகையும் உண்டு. எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். இது சரக்கு வண்டி என்பதால் பின்தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது.

ஃபோர்ஸ் டிராவலர்: உள்ளே இடம் தாராளம். குடும்பத்துடன் வருவோருக்கு இதுவே வசதி.

ஃபோர்ஸ் கூர்க்கா, இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ்: உண்மையிலேயே கரடுமுரடான பாதைக்கு. கூர்க்காவில் இரண்டு ஆக்ஸிலிலும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரை நெடுஞ்சாலை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு; அங்கே சோதனைக்குள்ளாவது பிரேக்கும் ஓட்டுநரின் பொறுமையும். இந்தப் பாதைகளுக்குப் போதிய தரை இடைவெளி உள்ள 4x2 வண்டியே போதும். ஐப்பசி மழையில் சேற்றுப் பாதைக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும் 4x4க்குப் பணம் போடுங்கள்.

எடைக் கணக்கு

நான்கு பேர் 260 கிலோ. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. கூரைக் கூடாரம் 60, கேரியர் 30, பேட்டரியும் ஃபிரிட்ஜும் 40, கட்டிலும் பெட்டிகளும் 80, துணிமணி 60, அடுப்பும் மளிகையும் 30. மொத்தம் 620 கிலோ! வாங்கப்போகும் வண்டி இதைத் தாங்குமா என்று ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் எடைமேடையில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். கனமான சாமான் எல்லாம் தாழ்வாக, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே இருக்கட்டும். கூரையில் எடை ஏற ஏற வளைவில் வண்டி சாயும்.

மாற்றும் வரிசை

1. டயர்: அதே அளவில் ஆல்-டெரெய்ன் ரகம். அளவைக் கூட்டினால் பிரேக், மைலேஜ், ஸ்பீடோமீட்டர் மூன்றும் பாதிக்கப்படும். ஏர் கம்ப்ரஸரும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் கட்டாயம்.

2. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் பட்டை: எடைமேடை ரசீதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். அளவுக்கு மீறிப் பட்டை சேர்த்தால் காலி வண்டி தூக்கிப் போடும்.

3. பிரேக்: பேட், ஆயில், ஹோஸ் புதிதாக இருக்கட்டும்.

4. மின்சாரம்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,200 வாட்-அவர் இருக்கும். சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600, இரண்டு ஃபேனுக்கு இரவு முழுக்க 240. இந்தக் கணக்கில் ஓர் இரவு தாராளமாக ஓடும். ஏ.சி. போட்டால் ஒரு மணி நேரத்திலேயே பேட்டரி காலி. எனவே சித்திரை வெயிலுக்குக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பும், எதிரெதிர் ஜன்னல்களில் கொசுவலையும் போடுங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும்.

5. சமையல்: வீட்டு உபயோக சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 5 கிலோ வணிக சிலிண்டர் வாங்கி, அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்தே மூட்டுங்கள். மூடிய வண்டிக்குள் சமைத்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

எங்கே நிறுத்துவது?

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதற்குள் தங்க இடமில்லை. பக்கமலை காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஏரிக்கரை மேல் வண்டி ஏற்றினால் கரை சரியும். மணிலா அறுவடை முடிந்த நிலமோ மாந்தோப்போ வைத்திருக்கும் விவசாயியிடம் எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டு, இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுங்கள். கழிப்பறைக்கும் குப்பைக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டால் அடுத்த தடவையும் அவர் கதவைத் திறப்பார்.

எப்படித் தொடங்குவது?

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளில் ஒன்றை முடியுங்கள். பிறகு பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் சில காலம் வேலை பாருங்கள். வளைவு, இணைப்பு, நீர்க்கசிவு எல்லாம் அங்கே கைக்குப் பழகும். முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை முத்ரா கடன் கேட்கலாம். கேஸ், பேட்டரி பொருத்தியிருப்பதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முழுச் சுமையோடு கொல்லிமலை ஏறி இறங்கி, வண்டியிலேயே ஓர் இரவு படுத்தும் பாருங்கள். டீசல், தோப்பு வாடகை, தேய்மானம், உங்கள் சம்பளம் நான்கையும் கூட்டி அதன் பிறகே விலை சொல்லுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போட்ட விலையில் எந்தத் தொழிலும் இரண்டாவது வருஷத்தைப் பார்ப்பதில்லை.