சராசரி 6.2, மீட்டரில் 270: எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், நாங்கள் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோய். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு தடவை மலையிறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். சமீபத்தில் எடுத்த மூன்று மாதச் சராசரி 6.2. 'சுகர் நல்லா இருக்கு' என்கிறார்கள். வீட்டு மீட்டரோ சாப்பிட்ட பிறகு 250, 270 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: மீட்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். அம்மா விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 6.2-ஐத்தான்.

ஹெச்பிஏ1சி என்கிற அந்தப் பரிசோதனை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அணுக்கள் சீக்கிரமே அழிகின்றன. ரத்தம் ஊறுவதற்காக டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசியால் புது அணுக்கள் ஏராளமாக வருகின்றன. சர்க்கரை ஒட்டுவதற்கு அவற்றுக்கு அவகாசமே இல்லை. ஆகவே சராசரி குறைவாகத் தெரியும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண் மாறும். இரும்புச்சத்துக் குறைவோ நேர்மாறாக, எண்ணைக் கூட்டிக் காட்டக்கூடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தச் சோதனையின் நம்பகத்தன்மை குறைவு என்று கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. சாதாரணமாக 6.2 என்றால் சராசரிச் சர்க்கரை 130-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் மீட்டர் அப்படிச் சொல்லவில்லையே!

மீட்டரும் தவறக்கூடியதுதான். உங்கள் ஊரில் பிளம்ஸ், பேரிக்காய் சீசனில் பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால், தோலில் ஒட்டிய சாறே அளவை ஏற்றிவிடும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. மார்கழி, தை விடியற்காலையில் மீட்டரை வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைத்திருங்கள். ரத்தசோகை அதிகமாக இருந்தாலும் சில மீட்டர்கள் கூட்டிக் காட்டும். அதனால் ஒருமுறை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றில் திரவம் செலுத்தும் டயாலிசிஸுக்கு அம்மா மாற நேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. அதில் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவத்தைச் சிலவகை ஸ்ட்ரிப்புகள் சர்க்கரை என்றே எண்ணிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டதால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது.

எனக்குப் பெரிய கவலை, 270-ஐப் பார்த்து நீங்களாகவே இன்சுலினைக் கூட்டிவிடுவீர்களோ என்பதுதான். இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது செயலிழந்தால் போட்ட மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கி, நடுராத்திரியில் சுகர் இறங்கிவிடலாம். டயாலிசிஸ் நாளில் ஒரு போக்கு, மற்ற நாளில் வேறு போக்கு என்றும் இருக்கும். இரண்டு வாரம் வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் என்று அளந்து, டயாலிசிஸ் நாளைத் தனியாகக் குறித்து, அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றட்டும்.

70-க்குக் கீழே இறங்கினால் சர்க்கரையோ குளுக்கோஸோ கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஆரஞ்சுச் சாறும் இளநீரும் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் அம்மாவின் இதயத்துக்கு ஆபத்து.