அறிவுரைக்கு முன் பத்து நிமிடம்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓய்வதில்லை. என் எட்டாம் வகுப்பில், முதல் பாடவேளையிலேயே தூங்கிவிழும் மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் வகுப்பின் முன் நிறுத்தி, "இப்படித் தூங்கினால் எப்படி உருப்படுவாய்?" என்று நீண்ட அறிவுரை சொன்னேன். அடுத்த இரண்டு நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அந்த நாள்களில்தான் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் பணியைப் பற்றிப் படித்தேன். தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கியவர் அவர். அவரே மருத்துவர், ஆனாலும் சிநேகாவில் அழைப்பவரோடு பேசுவோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் குறை கூறுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, அறிவுரையை அள்ளி வீசுவதில்லை, காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனம் உடைந்தோருக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தனர். பலர் அவர்களிடமே மனம் திறந்து பேசி, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலுடன் திரும்பினர். கேட்பதே பாதி மருந்து என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

தேர்வு முடிவு வரும் நாள்களில் மாணவர்களிடமிருந்து வரும் அழைப்புகளைக் கேட்டறிந்த சிநேகா, தோல்வியுற்றோர் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுத வழிவேண்டும் என வலியுறுத்தியது. இன்று நம் மாணவர்கள் அந்த வாய்ப்பைப் பெறுகிறார்கள்.

மூன்றாம் நாள் என் மாணவன் வந்தான். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரொம்பச் சோர்வா இருக்கியேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"அம்மா ராத்திரி தறிக்குப் போயிருதுங்க சார். தம்பிக்குக் காச்சலுங்க. நாந்தானுங்க பாத்துக்கிட்டேன்" என்றான். சற்று நேரம் கழித்து, "இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம்னு இருந்துச்சுங்க சார்" என்றான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓராண்டாக நான் கேட்காத கேள்வி அது. பிறகு தலைமையாசிரியரும் நானும் அவன் அம்மாவிடம் பேசினோம். அவன் இன்னும் சில நாள் தூங்கத்தான் செய்கிறான். ஆனால் நாள்தோறும் வருகிறான்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை:

1. நான்கு பேர் முன்னிலையில் விசாரிக்காமல், தனியே அழைத்து, பிறர் பார்வையில் படும் இடத்தில் அமர்ந்து பேசுவோம்.

2. "ஏன் செய்தாய்?" என்பதற்குப் பதில் "என்ன நடந்தது?" என்று கேட்போம். மௌனம் நீடித்தால் பொறுத்திருப்போம்.

3. "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று தள்ளாமல், அவன் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்வோம்.

4. கேட்டதை ஆசிரியர் அறையில் பேசுபொருள் ஆக்கமாட்டோம். ஆனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குறுதியும் தரவேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை.

குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகியவற்றை வகுப்புச் சுவரில் எழுதி வைப்போம்.

நாம் மனநல மருத்துவர்கள் அல்லர்; ஆகவேண்டியதும் இல்லை. ஆனால் குழந்தையின் முகவாட்டத்தை நாள்தோறும் முதலில் பார்ப்பவர்கள் நாம்தான். அடுத்த முறை ஒரு மாணவன் தூங்கினால், அறிவுரைக்கு முன் பத்து நிமிடம் அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.