காலிக் கோட்டையின் நீதிமன்றச் சதுக்கம்

"கோட்டை பார்க்க காலிக்கா போகணும்? நம்மட ஊர்ல இல்லாத கோட்டையா?"

கல்விச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்டபடியே வாப்பா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து திருகோணமலை நகருக்குப் போனால் பிரெட்ரிக் கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றி, ஆங்கிலேயர் 1803இல் இன்றைய பெயரைச் சூட்டிய கோட்டை அது. அன்று வாப்பாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரைதான் அந்தப் பதில்.

இரவுப் பயணம் முடிந்து, காலையில் காலிக் கோட்டையின் பழைய வாசல் முன் இறங்கினோம். வாசலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், உரோம இலக்கத்தில் 1669 என்ற ஆண்டு. ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்தனர். ஆங்கிலேயர் 1796இல் அதனைப் பெற்றனர். பரீட்சைக்காக மனனம் செய்த ஆண்டுகள் ஒரே சுவரின் இரு பக்கங்களில் நின்றன.

அங்கிருந்து நடந்து நீதிமன்றச் சதுக்கத்தை அடைந்தோம். சதுக்கம் என்றதும் நீரூற்றும் சிலைகளும் இருக்குமென எண்ணியிருந்தேன். அவை எதுவும் இல்லை. வயது முதிர்ந்த பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் வாகனங்கள், சுற்றிவர நீதிமன்றக் கட்டடங்கள், சட்டத்தரணிகளின் சிறிய அலுவலகங்கள். கறுப்புக் கோட்டு அணிந்தவர்கள் கோவைகளோடு விரைந்தனர். வழக்குக்கு வந்த ஒரு தாய் மரத்தடியில் அமர்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பார்வைக்காக வைத்த இடமல்ல, இன்றும் மக்கள் நீதி கேட்டு வரும் இடம் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆசிரியை எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கோட்டையில் நம்மவர்கள் எங்கே?" யாரும் பதில் சொல்லவில்லை. "தெருப் பெயர்களைப் பாருங்கள்" என்றார்.

கோட்டைக்குள் லெயின் பான் என்றொரு வீதி உண்டு. ஒல்லாந்த மொழியில் அது கயிறு திரிக்கும் இடத்தைக் குறிக்கும். பெட்லர் வீதி என்றால் சுமந்து விற்கும் சிறு வியாபாரிகளின் வீதி. ஒல்லாந்தர் அதனைச் சோனகச் சிறுவியாபாரிகளின் தெரு என்றே அழைத்தனர். எனக்கு மூத்தவாப்பாவின் நினைவு வந்தது. பிடவைப் பொட்டணியைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்தவர் அவர். முஸ்லிம்களின் வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் கட்டுப்பாடுகள் விதித்த அதே ஆட்சி, அவர்களின் பெயரால் ஒரு தெருவை அழைத்திருக்கிறது.

ஒல்லாந்தருக்கு முன்பே தமிழும் இங்கு வந்திருந்தது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் உள்ளன. இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை பழைமை இங்கே எப்படித் தப்பியது? கொழும்பில் அலைதாங்கி கட்டும் பணி 1875இல் தொடங்கியது. அது முடிந்தபின் பெரிய கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குச் சென்றன. வணிகம் குறைந்ததால் பழையதை இடித்துப் புதியது கட்டும் தேவையும் குறைந்தது. 1988இல் கோட்டை உலக மரபுரிமைச் சொத்தானது.

ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்களைக் கண்டு நின்றார். "எந்த ஊர் மகள்?" என்றார். திருகோணமலை என்றதும் முகம் மலர்ந்தது. தெருவைக் காட்டிச் சொன்னார்: "முந்தி இந்தக் கதவெல்லாம் சொந்தக்காரர்ர. சலாம் சொல்லிக்கொண்டே போகலாம். இப்ப நல்ல விலை வந்துது, வித்துட்டுப் போயிட்டாங்க. சுவர் அப்படியே இருக்கு மகள், உள்ளுக்குத்தான் ஆளில்ல."

அவர் காட்டிய பக்கம் ஹோட்டல் பலகைகளும் கைவினைக் கடைகளும் வரிசையாக இருந்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஜன்னலில் உலர்த்திய துணி எதுவும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. பிரெட்ரிக் கோட்டைக்கும் காலிக் கோட்டைக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது. எங்கள் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குச் செல்வோரும், இராணுவத்தினரும், மான்களும் உண்டு. தெருவும் கடையும் வீடுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அதற்குள் இல்லை. காலியில் அது இருந்தது, இன்னும் ஓரளவு இருக்கிறது. கட்டியவர்களின் பெயர் வாசலில் உள்ளது. வாழ்ந்தவர்களின் பெயர் தெருவில் மட்டுமே உள்ளது. அவர்கள் போய்விட்டால் அதைச் சொல்லவும் ஆளிராது.

நிலாவெளி வீதியோரம் வாழும் எங்கள் கடற்கரைக்கும் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் வரட்டும், தொழில் பெருகட்டும். ஆனால் எங்கள் ஊர்களின் கதையை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோமா?

வீடு வந்ததும் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "மூத்தவாப்பா எந்தெந்த ஊருக்குப் பொட்டணி சுமந்தார் தெரியுமா?" என்று தொடங்கினார். நான் கொப்பியை எடுத்தேன்.

தோழிகளே, நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அதுவும் வரலாற்றுப் பாடம்தான்.