குழந்தை இளைச்சுப் போச்சா?

"கொழுகொழுன்னு இருந்த புள்ள, மூணு வயசுல இப்படி இளைச்சுட்டானே!" என்று பாட்டி புலம்புகிறாரா? உடனே டானிக் வாங்க ஓடாதீர்கள். இந்த வயதில் குழந்தை உயர்ந்து, மெலிவது இயற்கை. 5, 6 வயதில்தான் மறுபடி சதை போடும். அதற்கு முன்பே உடம்பு பெருத்தால்தான் கவலை. பின்னாளில் குண்டாகும் வாய்ப்பு அதிகம்.

ஒன்றரை வயது ஊசிக்கும் ஐந்து வயது ஊசிக்கும் நடுவே காய்ச்சல், சளிக்குத்தானே டாக்டரிடம் போகிறோம்? அப்போதே எடை, உயரம் இரண்டையும் அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எடை மட்டும் போதாது. உயரத்துக்கேற்ற எடைதான் கணக்கு.

கோடு மேலே ஏறினால், பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் கொறித்தால் எப்படி? வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான். டி.வி., செல்போன் ஒரு மணி நேரத்துக்குள். ஓடியாட, நாள் முழுதுமாகச் சேர்த்து மூன்று மணி நேரம். இது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு.