கோதுமை ஒவ்வாதவருக்கு நம் நிலத்துத் தானியங்கள்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர் இதனை உண்டால், அவரது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கிறது. உண்ட சத்து உடலில் சேர்வதில்லை. ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், தீராத இரத்தச்சோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் அறிகுறிகளாகும்.

நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, இதற்குக் கோதுமையே காரணம் என்று 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இக்குழந்தைகள் தேறியதும், ரொட்டி வந்ததும் மீண்டும் நலிந்ததும் அவர் கருத்துக்கு வலுவூட்டின.

நம் நாட்டில் கோதுமையை மிகுதியாக உண்ணும் வடமாநிலங்களில் இந்நோய் கூடுதலாகவும், அரிசி உண்ணும் தென்னாட்டில் அரிதாகவும் காணப்படுகிறது. அரிதாக இருப்பதாலேயே இங்கு இனங்காணப்படாமல் போகவும் கூடும். 'சவலைப் பிள்ளை' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் புலப்படாது. நோய் உறுதியானால், வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

நம்மிடம் உள்ள உணவு

பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டார உழவர்களுக்கு இது எட்டாத பத்தியமன்று. சம்பா நெல்லிலும், அதன் தரிசில் விளையும் உளுந்து, பச்சைப்பயற்றிலும் குளூட்டன் கிடையாது. ஆகவே இட்லி, தோசை, பொங்கல் யாவும் ஏற்றவை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், நிலக்கடலை, மீன், முட்டை, பால் ஆகியவையும் உகந்தவை. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்தும், கம்பு இரும்புச் சத்தும் அளிக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பரோட்டா, பிஸ்கட், பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள் ஆகியவற்றை அறவே விலக்குக.

2. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. பொட்டலத்தில் உள்ள விவரத்தைப் படித்து வாங்குக.

3. 'குளூட்டன் அற்றது' எனப்படும் உணவில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது. ஒரு கிலோ அரிசி மாவில் ஏறத்தாழ கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே இவ்வெல்லை வந்துவிடும். எனவே கோதுமை அரைக்கும் மாவு மில்லில் கொடுக்காமல், தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பது நலம்.

4. கோதுமை நிரப்பிய சாக்கில் நெல்லையோ கேழ்வரகையோ கட்டி வைக்காதீர்கள். சல்லடை, முறம், டப்பா ஆகியவற்றைத் தனியே ஒதுக்குக.

5. சப்பாத்தி சுட்ட கல்லில் நோயாளிக்குத் தோசை வார்க்கலாகாது. கடையில் வாங்கும் மீன் வறுவலில் மைதா உண்டா என்று கேட்டறிக.

விளைச்சலில் ஒரு பங்கை இவ்வாறு தூய்மையாகப் பிரித்து வைத்தால், நோயுற்ற பிள்ளைக்கு வேண்டிய உணவு ஆண்டு முழுதும் வீட்டுக் குதிரிலேயே கிடைக்கும்.