திறந்த வாரத்தில் மூடிய ரயில்

அன்புள்ள யாழினிக்கு,

மே மாதம் தோழிகளோடு சீடர் பாயின்ட் பூங்காவுக்குப் போகிறாய், அதுவும் சீசன் திறக்கிற முதல் வார இறுதியிலேயே, என்று உன் அப்பா சொன்னான். கூடவே நீ கேட்ட இரண்டு கேள்விகளையும் சொன்னான். புதிதாக அங்கே என்ன இருக்கும்? அதை ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தால் டிக்கெட் காசு வீண்தானே? நல்ல கேள்விகள் கண்ணு. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் சான்டஸ்கி. ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நாக்கு போன்ற நிலத்தில் இருக்கிறது பூங்கா. 1870-இல் கரையோரக் குளியலிடமாகத் தொடங்கியது. ஒஹாயோவின் குளிர்காலத்தில் அங்கே எதுவும் ஓடாது. இலையுதிர் காலம் முடிந்ததும் கதவை அடைத்தால் அடுத்த மே மாதம்தான் திறப்பார்கள். அந்த ஆறு மாதமும் பூங்கா தூங்குகிறது என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு ரோலர் கோஸ்டரின் வண்டியையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், சக்கரம், அச்சு, போல்ட் என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். எஃகுப் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாகத்தைக் காந்தப்படுத்தி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை அதன் மேல் ஊற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கடியில் பிடிப்பார்கள். விரிசல் இருந்தால் காந்தப்புலம் அந்த இடத்தில் வெளியே கசியும். துகள்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மயிரிழை அளவு விரிசலும் பச்சைக் கோடாகத் தெரியும். பல்லாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்த உலோகம் களைத்துப்போகும். அந்தக் களைப்பை முறிவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் குளிர்காலத்தின் முக்கிய வேலை.

ஆகவே திறப்பு வாரத்தில் நீ பார்க்கப்போவது, பிரித்து மறுபடி கோத்த ஒரு பூங்காவை. பழைய கோஸ்டர்கூட ஒரு வகையில் புதுசுதான். புதுசாகவே வந்த கோஸ்டர் என்றால் அதன் கதை வேறு. அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பொறியியல் படிக்கப்போகிறவள் நீ, இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2003-இல் அங்கே டாப் த்ரில் டிராக்ஸ்டர் என்று ஒரு கோஸ்டர் வந்தது. உயரம் 420 அடி. அந்த உயரத்தை முதலில் தொட்ட கோஸ்டர் அதுதான். சங்கிலி இழுத்து மேலே ஏற்றாது. நான்கே நொடியில் வண்டியை மணிக்கு 193 கிலோமீட்டர் வேகத்துக்கு உந்தி எறியும். அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் மோட்டார்களைச் சுழற்ற, மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுற்ற, உருளையில் சுற்றிக்கொள்ளும் எஃகுக் கயிறு வண்டியை இழுக்கும். ஒன்றையொன்று நம்பியிருக்கும் இந்த அமைப்பில் ஏதாவது ஒன்று தளர்ந்தாலும் முழுதும் நின்றுவிடும். முதல் சீசனிலேயே அது அடிக்கடி நின்றது. குளிர்ந்த காலையிலும் எதிர்க்காற்றிலும் வண்டி உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்கியதும் உண்டு. அதையும் வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். வண்டி கிளம்பியவுடன் தண்டவாளத்தின் நடுவே பிரேக் தகடுகள் மேலெழுந்து நிற்கும். திரும்பி வந்தால் பிடித்து நிறுத்தும்.

2021 ஆகஸ்டில் ஓடும் வண்டியிலிருந்து ஓர் உலோகத் துண்டு கழன்று, கீழே வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. அவருக்குத் தலையில் பலத்த காயம். கோஸ்டரை அன்றோடு மூடினார்கள். மறு ஆண்டு, பழைய வடிவில் அது இனி ஓடாது என்று பூங்கா அறிவித்தது. இந்தப் பகுதியை வேகமாகப் படித்துக் கடந்துவிடாதே. நாம் ஆரவாரமாகப் பேசும் 420 அடியும் 193 கிலோமீட்டரும், டிக்கெட் வாங்கி வரிசையில் நின்ற ஒருவரின் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் எடைபோடப்பட வேண்டியவை.

பழைய கோபுரத்தை வைத்துக்கொண்டு, எண்ணெயையும் கயிற்றையும் தூக்கி எறிந்து, 2024 மே மாதம் டாப் த்ரில் 2 வந்தது. இப்போது உந்துவது மின்காந்தம். தண்டவாளத்தில் வரிசையாகக் கம்பிச்சுருள்கள், வண்டியின் அடியில் நிலைக் காந்தங்கள். சுருள்களில் மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே போனால் காந்தப்புலம் ஓர் அலை போல முன்னே ஓடும். வண்டி அந்த அலையைத் துரத்திக்கொண்டு போகும். ஆனால் ஒரே உந்தலில் 193-ஐ எட்டுவதற்கு அந்தத் தண்டவாள நீளம் போதாது. அதனால் பின்பக்கம் இன்னொரு 420 அடிக் கோபுரத்தைச் செங்குத்தாக எழுப்பினார்கள். வண்டி முதலில் மணிக்கு 119 கிலோமீட்டரில் முன்னே போய்ப் பழைய கோபுரத்தில் பாதி ஏறி, நின்று, பின்னால் சரியும். சரிகிற போதே மறுபடி உந்தப்பட்டு 163-இல் பின்கோபுரத்தில் ஏறும். அங்கிருந்து விழும்போது மூன்றாவது உந்தல், அதில்தான் 193. ஊஞ்சலில் உன் தம்பியைத் தள்ளும்போது நீ செய்வதும் இதுதானே: ஒரே தள்ளில் உயரத்துக்கு அனுப்ப முடியாது, அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளித் தள்ளி ஏற்றுவாய். பழைய கோஸ்டரில் தவறிப்போய் நடந்த பின்னோட்டத்தைப் புதியதில் பயணத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டார்கள். வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

இத்தனை வேலை செய்து திறந்த கோஸ்டர் ஒரு வாரம் போலத்தான் ஓடியது. அப்புறம் வண்டிகளில் மாற்றம் செய்ய வேண்டும் என்று மூடினார்கள். அந்த சீசன் முழுக்க அது ஓடவே இல்லை. வண்டிகளைச் செய்தது ஜாம்பெர்லா என்ற இத்தாலிய நிறுவனம். தூரத்து ஊர்களிலிருந்து விடுப்பெடுத்து, விடுதி பிடித்து வந்தவர்களின் ஏமாற்றம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த முடிவை மதிக்கிறேன். கூட்டம் குவியும் கோடையில், விளம்பரப் பலகையெல்லாம் அதன் படமாக இருக்கும்போது, ஓட வேண்டாம் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். 2025 சீசனில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போதும் ஆரம்ப வாரங்களில் நின்று நின்றுதான் ஓடியது.

ஆளில்லாமல் எத்தனை முறை வெள்ளோட்டம் விட்டாலும் சில குறைகள் அதில் தெரியாது. தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து நூற்றுக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள்தான். ஆனால் காலை முதல் இரவு வரை சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்று, வெவ்வேறு எடையுள்ள மனிதர்களோடு, வெயிலிலும் ஏரிக்காற்றிலும் நாள்தோறும் ஓடும்போதுதான் சக்கரம் எவ்வளவு சூடாகிறது, எந்த போல்ட் தளர்கிறது என்பது தெரியவரும்.

இதற்கு இன்னொரு உதாரணம், இதே பூங்காவில் 2018 மே மாதம் திறந்த ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற கோஸ்டர். 1991-இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரின் கட்டுமானத்தில் எஃகுத் தண்டவாளம் பதித்து எழுப்பியது. 205 அடி உயரம், செங்குத்தாக ஒரு சரிவு. திறந்த நாளிலேயே நிலையத்துக்குள் வந்த வண்டி அங்கே நின்றிருந்த வண்டியை மெதுவாக இடித்தது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. அதன்பின் கொஞ்ச காலம் ஒரே ஒரு வண்டியை வைத்து ஓட்டினார்கள். வரிசை நீண்டது, ஆனால் இடிப்பதற்கு இன்னொரு வண்டி இல்லை. தாற்காலிக ஏற்பாடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். இன்று அதில் ஏறியவர்களைக் கேட்டுப் பார், பூங்காவிலேயே சிறந்தது இதுதான் என்று பலர் சொல்வார்கள். உனக்கும் முதலில் இதையே சொல்வேன். போனைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போ. இருக்கையை விட்டு உடல் எழும்பும் தருணங்கள் அதில் அத்தனை இருப்பதால், பையிலிருந்து பறக்கும் பொருள் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் போகும். 2018-இல் வரிசையில் நிற்கும்போதே போன் கூடாது என்று தடை போட்டார்கள்.

2025-இல் வந்த இன்னொரு கோஸ்டர் சைரன்ஸ் கர்ஸ். உச்சியில் தண்டவாளம் அறுந்து நிற்பது போலத் தெரியும் இடத்தில் வண்டி நிற்கும். வண்டி நிற்கும் தண்டவாளத் துண்டு அப்படியே செங்குத்தாகச் சாய்ந்து கீழ்த் தண்டவாளத்தோடு பொருந்திய பிறகே விடுவிக்கும். அது திறப்பு வாரத்துக்கு வரவில்லை. ஜூன் கடைசியில்தான் திறந்தது.

வரிசையில் நிற்கும் நேரத்தில் பார்க்க வேண்டியவை சில. வண்டியின் சக்கரங்களைக் கவனி. ஒரு தொகுதி தண்டவாளத்தின் மேலே உருளும், ஒன்று பக்கத்தில் பிடிக்கும், ஒன்று அடியிலிருந்து கவ்வும். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் வண்டி தூக்கி எறியப்படாது என்ற நம்பிக்கையில் சரிவுகளைச் செங்குத்தாக்க முடிந்தது. அடுத்து, பயணம் முடியும் இடத்தில் தண்டவாள நடுவே நிற்கும் உலோகத் தகடுகளைப் பார். வண்டியின் காந்தங்கள் அவற்றைக் கடக்கும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் பிறந்து வேகத்தைத் தின்றுவிடும். மின்சாரம் போனாலும் இந்த பிரேக் வேலை செய்யும். வீட்டில் தடித்த அலுமினியத் தகடு ஒன்றைச் சாய்த்து, சிறிய நியோடிமியம் காந்தத்தை அதன் மேல் வழுக்க விட்டுப் பார். ஏதோ தேனில் இறங்குவது போல இறங்கும், ஆனால் நிற்காது. வேகம் குறையக் குறைய இழுப்பும் குறையும் என்பதால் முழுதாக நிறுத்துவதற்கு வேறு பிரேக் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று நிலையத்தில் தேடு.

ஒஹாயோவில் இந்த ராட்டினங்களையெல்லாம் சோதித்து அனுமதி தருவது மாநில வேளாண்மைத் துறை. ஊர்ச் சந்தைகளையும் கண்காட்சிகளையும் கவனித்து வந்த துறையிடமே அவற்றின் ராட்டினங்களும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இனி உன் இரண்டாவது கேள்வி. டாப் த்ரில் 2-இல் ஏறினால்தான் காசுக்கு மதிப்பு என்று நினைத்தால் முதல் வாரம் போகாதே. ஜூன் நடுவில், வார நாளில் போ. இயந்திரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் வாரம்தான் போக வேண்டும். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே போய் நில். காலி வண்டிகளைச் சுற்றவிட்டுச் சோதிப்பது வெளியிலிருந்தே தெரியும். எது திரும்பத் திரும்ப ஓடுகிறது, எது பாதியில் நிற்கிறது என்று அரை மணி நேரம் பார்த்தால் அன்றைக்கு எங்கே முதலில் ஓட வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும். ஏதாவது நின்றுவிட்டால் பணியாளர்களிடம் எரிந்து விழாதே. அவர்களில் பலர் உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்களாக இருப்பார்கள். மே மாதத்திலும் ஏரிக்காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொள். நிறுத்தும் பிரேக்கைக் கண்டுபிடித்ததும் எனக்குப் படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா